முன்பணம் வருமானமா, பொறுப்பா?

கேள்வி: போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம். கேரளத்தின் குமுளி வியாபாரி 2,00,000 ரூபாய் முன்பணம் அனுப்பினார். கணக்கர் அதைப் பொறுப்பில் எழுதிவிட்டார். கையில் வந்த பணம் வருமானம்தானே?

இல்லை, கணக்கர் செய்ததுதான் சரி. சரக்கு போகும்வரை அந்தப் பணத்துக்கு நீங்கள் கடன்பட்டவர். இன்று வங்கிக் கணக்கில் பற்று (டெபிட்), 'வாடிக்கையாளர் முன்பணம்' கணக்கில் வரவு (கிரெடிட்). பிறகு 1,50,000 ரூபாய்க்குச் சரக்கு அனுப்பினால், மாநிலம் தாண்டுவதால் 5% ஐஜிஎஸ்டி (மாநிலங்களுக்கு இடையிலான விற்பனைக்கான ஜிஎஸ்டி) 7,500 சேரும். அப்போது முன்பணத்தில் 1,57,500 பற்று. விற்பனையில் 1,50,000, ஐஜிஎஸ்டியில் 7,500 வரவு. மீதி 42,500 இன்னும் பொறுப்புதான். அந்த 7,500-ம் உங்கள் காசு அல்ல, அரசுக்குச் சேர வேண்டியது. பலர் அதையும் விற்பனையோடு சேர்த்து லாபத்தை ஊதிவிடுகிறார்கள்.

ஒரு நுணுக்கம்: இவை இரண்டும் பொறுப்பு, ஆனால் 'நிதிப் பொறுப்பு' அல்ல. முன்பணத்தைச் சரக்காகத் தீர்க்கிறீர்கள். வரி சட்டப்படி வருவது. ஒப்பந்தப்படி பணமாகவே கொடுக்க வேண்டியதுதான் நிதிப் பொறுப்பு: வங்கிக் கடன், கொள்முதல் பாக்கி, கொடுபடாத வட்டி.

அதிகம் தப்பு நடப்பது வண்டிக் கடனில். தவணை முழுவதையும் செலவில் எழுதாதீர்கள். வட்டி மட்டுமே செலவு, அசல் கடனைக் குறைக்கும். மார்ச் 31 அன்று, அடுத்த 12 மாதத்தில் கட்ட வேண்டிய அசலை நடப்புப் பொறுப்புக்கு மாற்றுங்கள், மற்றது நீண்டகாலம்.

கொள்முதல் பாக்கியை இழுத்தடித்தாலும் சிக்கல். பில் தேதியிலிருந்து 180 நாளுக்குள் கொடுக்காவிட்டால், அதில் எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போதான ஜிஎஸ்டி, உங்கள் வரியில் கழித்துக்கொண்டது) வட்டியோடு திருப்பிக் கட்ட நேரிடும்.