வெயிலில் வாய் திறக்கும், மழையில் மூடிக்கொள்ளும்: பழைய வீட்டு விரிசல் கேள்வி பதில்

முப்பது வருடத்துக்கு மேலாகச் சென்னையில் பழைய வீட்டு வேலை மட்டும் எடுத்துச் செய்கிறேன். புதுக் கட்டடம் பற்றிக் கேட்டால் உங்களுக்குத் தெரிந்த அளவுதான் எனக்கும் தெரியும். கேட்பவர்கள் எந்தப் பக்கம் என்று முதலில் சொல்லிவிடுங்கள். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், வில்லிவாக்கம், பெரம்பூர், விருகம்பாக்கம் என்றால் பெரும்பாலும் களிமண். திருவான்மியூர், சாந்தோம் பக்கம் மணல். கிண்டி, ஆதம்பாக்கம் என்றால் கொஞ்சம் தோண்டினாலே பாறை. பார்க்க ஒரே மாதிரி விரிசல்தான், ஆனால் மண்ணுக்கு மண் பதில் வேறு.

மேற்கு மாம்பலம்: 1958இல் தாத்தா கட்டிய வீடு. கூடத்து ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி விரிசல். இரண்டு தடவை சிமெண்ட் வைத்து அடைத்தும் திரும்ப வந்துவிட்டது. மே மாதம் ஒரு ரூபாய்க் காசு உள்ளே நுழைகிறது, பொங்கல் சமயம் மூடிக்கொள்கிறது. சுவரிலிருந்து ஆறடியில் பெரிய வேப்பமரம். மேஸ்திரி மரத்தை வெட்டச் சொல்கிறார். வெட்டலாமா சார்?

இன்று வந்த கேள்விகளில் உருப்படியான கேள்வி இது. எந்த மாதம் திறக்கிறது, எந்த மாதம் மூடுகிறது என்று கவனித்திருக்கிறீர்கள். பாதி வேலை முடிந்த மாதிரி.

உங்கள் பேட்டையில் லேக் வியூ ரோடு என்று ஒரு தெரு இருக்கிறதே, இன்று அங்கே நின்றால் எந்த ஏரி தெரிகிறது? 1920களில் தி.நகரை உருவாக்கியதே ஏரியை வற்றவைத்துத்தான். ஏரி போனாலும் களி அங்கேயேதான் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அது தண்ணீரைக் குடித்து உப்பும், சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கும். பழைய வீடுகளுக்குக் கடக்கால் (அஸ்திவாரம்) மூன்றடி, நாலடிதான். வருடா வருடம் அசைகிற மண் அதே ஆழம்தான். வெயில் படும் பக்கமும் மரம் உள்ள பக்கமும் அதிகமாகக் காயும், அந்த மூலை இறங்கும், சுவர் பலவீனமான இடத்தில் விட்டுக்கொடுக்கும். ஜன்னல் மூலைதான் அந்த இடம்.

விரிசல் மேலே அகலமாக, கீழே ஒல்லியாக இருந்தால் வீட்டின் ஓரம் இறங்குகிறது. கீழே அகலம் என்றால் நடுப்பகுதி இறங்குகிறது. இதைப் பார்க்காமல் எந்த மேஸ்திரி கரணையைக் கையில் எடுத்தாலும் அனுப்பிவிடுங்கள்.

சிமெண்ட் ஏன் நிற்கவில்லை? மே மாதம் விரிசல் முழுதாகத் திறந்திருக்கும்போது அடைத்திருப்பீர்கள். மழைக்கு மண் உப்பி, விரிசல் மூட வரும்போது நடுவில் கல் மாதிரி சிமெண்ட் நிற்கிறது. சுவர் மூட முடியாமல் தள்ளப்படுகிறது. அடுத்த கோடையில் அதன் ஓரத்திலேயே புது விரிசல். இப்படி ஐந்து வருடம் அடைத்தால் வீடே அகலமாகிவிடும். உங்கள் சுவர் சுண்ணாம்புக் கலவையில் கட்டியது என்றால் அடைப்பதும் சுண்ணாம்பில்தான்: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல். அதுவும் பாதி திறந்திருக்கும் மாசி, பங்குனியில். செங்கல்லே உடைந்திருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதுக்கல் வைத்துத் தைக்க வேண்டும். பெரிய விரிசலுக்கு, நாலைந்து செங்கல் வரிக்கு ஒரு தடவை கல்லுக்கு நடுவில் உள்ள இடுக்கைச் சுரண்டி, இரண்டு பக்கமும் ஒன்றரை அடி போகிற மாதிரி 6 மி.மீ. துருப்பிடிக்காத எஃகுக் கம்பி வைத்துச் சுண்ணாம்பால் மூடுவோம்.

ஆனால் இதெல்லாம் அப்புறம். முதலில் தண்ணீர். மாடித் தண்ணீர் எங்கே விழுகிறது? சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தண்ணீர்த் தொட்டி) ஒழுகுகிறதா? ராத்திரி எல்லா வால்வையும் மூடி, தொட்டித் தண்ணீர் மட்டத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, காலையில் பாருங்கள். வீட்டைச் சுற்றி மூன்றடி அகலத்துக்குத் தளம், வெளிப்பக்கம் ஓர் அங்குலச் சரிவு. களிமண்ணைக் காயவைப்பதோ ஊறவைப்பதோ நம் வேலை இல்லை. வருடம் பூராவும் ஒரே மாதிரி ஈரத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மரத்தை வெட்டாதீர்கள். காரணம் கீழே வரும். இதற்கு எத்தனை பேர் சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும்.

பெரம்பூர்: சுவர் அடியில் மூன்றடி உயரத்துக்கு உப்பு பூத்து பெயின்ட் உரிகிறது. என்ன கெமிக்கல் அடிக்கலாம்?

எதுவும் வேண்டாம் அம்மா. ஓதம், அதாவது மண்ணின் ஈரம், தரையிலிருந்து ஏறுகிறது. வெளியே வர வழி கொடுத்தால் காய்ந்துவிடும். மேலே சிமெண்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அடித்து வழியை அடைத்துவிட்டீர்கள். டைல்ஸ் ஒட்டினால் ஓதம் டைல்ஸுக்கு மேலே ஏறிப் பூக்கும். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுங்கள், ஒரு கோடை முழுக்கக் காயவிடுங்கள், உப்பைத் துடைப்பத்தால் தட்டி எடுங்கள் (கழுவாதீர்கள், உப்பு திரும்ப உள்ளே போகும்), பிறகு சுண்ணாம்புப் பூச்சு, அதன்மேல் வெள்ளை.

தி.நகர்: மெட்ராஸ் டெரஸ் மாடி ஒழுகுகிறது. காண்டிராக்டர் மேலே இரண்டு அங்குலம் சிமெண்ட் தளம் போடலாம் என்கிறார்.

மெட்ராஸ் டெரஸ் என்றால் தேக்கு உத்தரத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்த பழைய காலத்துத் தளம். கணக்குப் பார்ப்போம். ஆயிரம் சதுர அடிக்கு இரண்டு அங்குலம் என்றால் பத்து டன்னுக்கு மேல் எடை. கீழே தாங்குவது தேக்கு உத்தரம், அதன் முனைகள் சுவருக்குள் எத்தனை வருடமாக ஈரத்தில் இருக்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை. அந்த எடை சுவர் வழியாகக் களிமண்ணுக்கும் இறங்கும். முதலில் உத்தர முனைகளைக் கரணையால் குத்திப் பாருங்கள், மெத்தென்று போனால் தளத்துக்கு முன் மரவேலை. பிறகு மேலே பதித்த தட்டோட்டை (தட்டையான ஓடு) எடுத்து, சந்துகளைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பில் திரும்பப் பதியுங்கள். அந்தக் காலத்தில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் தெளித்து, சித்தாள்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் கணக்கில் கட்டையால் அடிப்பார்கள். பாட்டும் உண்டு. அந்தத் தளத்தின்மேல் சிமெண்ட் போடச் சொல்கிற ஆளைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும்.

வில்லிவாக்கம்: சுவரில் ஓதம். நல்ல வாட்டர் ப்ரூஃப் கெமிக்கல் சொல்லுங்கள்.

பெரம்பூர் பதில்.

திருவான்மியூர்: கான்கிரீட் பீமில் கம்பி துருப்பிடித்து விழுகிறது.

மணல் மண், கடல் காற்று, கம்பி. மூன்றும் என் துறை இல்லை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள், அதுவரை அந்தப் பீமுக்குக் கீழே கட்டில் போடாதீர்கள்.

விருகம்பாக்கம்: நானும் சிவில் இன்ஜினியர்தான். மரத்தை வெட்டாதே என்பது பொத்தாம் பொதுவான பேச்சு. வேர் தண்ணீரை உறிஞ்சுகிறது, வெட்டினால் பிரச்சினை முடிந்தது.

ஐயா, உறிஞ்சுகிறது என்பதில் நமக்குள் சண்டை இல்லை. இத்தனை வருடமாக உறிஞ்சி உறிஞ்சி அந்த மண் ஏற்கெனவே சுருங்கிப்போயிருக்கிறது. வீடும் அதற்கு ஏற்ப உட்கார்ந்துவிட்டது. திடீரென்று மரம் போனால் அத்தனை தண்ணீரும் மண்ணில் தங்கும். களி மெல்ல மெல்லப் பல வருடத்துக்கு உப்பும், வீட்டைக் கீழிருந்து தூக்கும். இறங்குகிற வீட்டைவிடத் தூக்குகிற வீடு கஷ்டம்.

பெரம்பூர் (வேறொருவர்): என் மாமா வீட்டில் வெட்டினார்கள், ஒன்றும் ஆகவில்லை.

எந்த வருடம் வெட்டினார்கள்? அடுத்த மழை எப்படி? மரம் வீட்டைவிடப் பழையதா, புதியதா? வீடு கட்டின பிறகு வைத்த சின்ன மரமாக இருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம்.

மேற்கு மாம்பலம் (வேறொருவர்): வேப்பமரம் அம்மன். வெட்டக் கூடாது என்பதற்கு இவ்வளவு விளக்கம் எதற்கு?

உங்கள் காரணமும் என் காரணமும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன அம்மா, விடுங்கள்.

விருகம்பாக்கம்: பயமுறுத்துகிறீர்கள். நேரில் பார்த்ததுண்டா?

பார்த்தது மட்டுமல்ல, செய்ததே நான்தான். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்காரர் கேட்டார் என்று ஏப்ரலில் ஒரு தூங்குமூஞ்சி மரத்தை அடியோடு வெட்டிக் கொடுத்தேன். விரிசலையும் சுத்தமாகப் பூசினேன், காசும் வாங்கினேன். அடுத்த மழையில் சமையலறைத் தரை நடுவில் மேடு. இரண்டாம் வருடம் பின்கதவு நிலையில் மாட்டிக்கொண்டது, இழைத்துக் கொடுத்தேன். மூன்றாம் வருடமும் இழைத்தேன். நாலாவது வருடம் இழைக்கக் கதவில் மரமே இல்லை.

விருகம்பாக்கம்: அப்போ அண்டர்-ரீம் பைல் போட வேண்டியதுதானே?

தூண் மாதிரி மண்ணுக்குள் ஆழமாக இறக்குகிற அஸ்திவாரம் அது. புதுக் கட்டடத்துக்குப் பிரமாதம். அடியில் குமிழ் வைத்து, அசைகிற மண்ணைத் தாண்டி மூன்றரை மீட்டருக்குக் கீழே நிறுத்தினால் கட்டடம் அசையாது. 1958 வீட்டுக்கு அடியில் போய் அதைப் போடுகிற செலவில் பக்கத்தில் இன்னொரு வீடு கட்டலாம். நான் சொல்வது இதுதான்: வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கிளை கழியுங்கள், கோடையில் மரத்தின் வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். இலை குறைந்தால் குடிப்பதும் குறையும். இதில் உங்களுக்கு ஒப்புதல் இல்லையென்றால் ஒப்புதல் இல்லாமலே இருப்போம்.

அண்ணா நகர்: பக்கத்து மனையில் அபார்ட்மெண்டுக்கு ஆழமாகத் தோண்டித் தண்ணீரை இறைக்கிறார்கள். எங்கள் சுவரில் புது விரிசல்.

கொத்தனார் வேலை இல்லை இது. இன்றே எல்லாச் சுவரையும் தேதியோடு போட்டோ எடுங்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்குங்கள், பிறகு வக்கீல். நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

வில்லிவாக்கம் (வேறொருவர்): 2003இல் கட்டாயம் என்றதும் மழைநீர் சேகரிப்புக் குழியைச் சுவரை ஒட்டியே தோண்டிவிட்டோம். மழையில் ரொம்பி நிற்கிறது.

களியில் வெறும் குழி தொட்டிதான், இறங்காது. நீங்கள் கடக்காலுக்கு வருடா வருடம் ஊற்றிக் கொடுக்கிறீர்கள். சுவரை விட்டுத் தள்ளி, களியைத் தாண்டி மணலோ சிதைந்த பாறையோ வரும் வரை போர் இறக்கிக் குழியை மாற்றுங்கள்.

தி.நகர் (வேறொருவர்): பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்க்க வேண்டுமா?

வழவழப்பான மேல்பூச்சு வேண்டுமானால் சேர்க்கலாம். விரிசலுக்கும் முட்டைக்கும் சம்பந்தமில்லை. ஆம்லெட் போட்டுக் கொத்தனாருக்குக் கொடுங்கள், வேலை நன்றாக நடக்கும்.

அண்ணா நகர் (வேறொருவர்): ஓதத்துக்கு எந்தக் கம்பெனி கெமிக்கல் நல்லது?

மூன்றாவது தடவை. பெரம்பூர் பதில், வில்லிவாக்கம் பதில், இப்போது இந்தப் பதில். இனி கெமிக்கல் கேள்விக்குப் பதில் கிடையாது.

மேற்கு மாம்பலம் (முதலில் கேட்டவர்): சரி சார், மரம் இருக்கட்டும். இப்போது நான் உடனே என்ன செய்ய?

கடையில் கண்ணாடித் துண்டு வாங்குங்கள், ஒரு விரல் அகலம், ஒரு சாண் நீளம். விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு முனையிலும் மட்டும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். பக்கத்தில் பென்சிலால் தேதி. மேல், நடு, கீழ் என்று மூன்று துண்டு. உடைந்தால் உடைந்த தேதியை எழுதிப் புதியது ஒட்டுங்கள். மாதம் ஒரு தடவை அகலத்தை அளந்து நோட்டில் எழுதுங்கள். 5 மி.மீ.க்குள் திறந்து மூடிக்கொண்டே இருந்தால் என்னைக் கூப்பிடுங்கள். 15 தாண்டினாலோ, மழை வந்தும் மூடவில்லை என்றாலோ என்னைக் கூப்பிடாதீர்கள், இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அந்த நோட்டை அவரிடம் காட்டுங்கள்.