குழியைத் திறக்கலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை. முதல் குழி நிறைந்து, அதை மூடிவிட்டு அடுத்த குழிக்கு மாறி ஒரு வருஷம் தாண்டிவிட்டது. எருவை எடுத்துக் கத்தரிக்குப் போடலாம் என்கிறார் கணவர். கொல்லைப் பக்கமே கொண்டுவரக் கூடாது என்கிறார் மாமியார். யார் பேச்சைக் கேட்பது?
- வாசகி, தொட்டியம்

பதில்: இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்று கணவரிடம் சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக் கிருமிகள் பெரும்பாலும் சில மாதங்களிலேயே செத்துவிடும், கடைசிவரை தாக்குப்பிடிப்பது உருண்டைப்புழுவின் முட்டைதான், அது கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதனால் எரு உதிர்கிறது, மண் வாசனை அடிக்கிறது என்பதையெல்லாம் வைத்து முடிவு செய்ய முடியாது. நாள்கணக்குதான் முக்கியம். 20 முதல் 35 டிகிரி வெப்பமுள்ள ஊர்களில் ஓராண்டுக்கு மேல், குளிர்ந்த இடங்களில் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வழிகாட்டி. நம் வெயிலுக்கு ஓராண்டே போதும்போலத் தெரியும், ஆனாலும் இரண்டு மழைக்காலம் பார்த்த குழிக்கு இரண்டு வருஷம் கொடுத்துவிடுவதே நல்லது.

இன்னொன்று. இரண்டு குழிக்கும் நடுவே உள்ள சின்னத் தொட்டியைத் திறந்து பாருங்கள். பழைய குழிக்குப் போகும் வாயை ஒரு செங்கல்லும் கொஞ்சம் களிமண்ணும் வைத்து அடைத்திருந்தால், அது கரைந்து புது மலம் கசிந்திருக்கலாம். அப்படியானால் கணக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். எடுக்கிற அன்று கையுறை, பூட்ஸ் போடுங்கள், முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். தென்னை, வாழைக்குக் குழி பறித்து வைத்து மண்ணால் மூடுங்கள். கீரைக்கு வேண்டவே வேண்டாம்.

மாமியாரின் அருவருப்புக்கு ஒரு தகவல்: 2017-ல் தெலங்கானாவின் கங்காதேவிப்பள்ளியில், அப்போது மத்திய அரசின் குடிநீர், துப்புரவுத் துறைச் செயலராக இருந்த பரமேஸ்வரன் ஐயரே இப்படிப்பட்ட குழியில் இறங்கி எருவை அள்ளினார்.

கேள்வி: செப்டிக் டேங்க் லாரிக்காரர் இலவசமாகவே வயலில் கொட்டித் தருகிறேன் என்கிறார். நல்ல உரம்தானே?
- வாசகர், அவிநாசி

பதில்: இலவசம் என்கிறபோதே சந்தேகம் வர வேண்டாமா? அவருக்குக் கொட்ட இடம் வேண்டும், அவ்வளவுதான். அந்தத் தொட்டியில் நேற்று விழுந்ததும் இருக்கும், ஐந்து வருஷத்துக்கு முன் விழுந்ததும் இருக்கும், எல்லாம் கலந்துதான் வருகிறது. செங்கல்பட்டு மாவட்டம் கருங்குழியில் இதற்கென்றே ஒரு சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது; லாரிகள் போக வேண்டியது அப்படிப்பட்ட இடத்துக்கு. நடவு வயலில் வெறுங்காலோடு இறங்கப் போவது நீங்களும் கூலிக்கு வருகிற பெண்களும்தான்.

கேள்வி: முசிறிப் பக்கம் சாம்பல் போடுகிற கழிப்பறை பார்த்தேன். சாம்பல் எதற்கு?
- வாசகர், குளித்தலை

பதில்: போனால் காசு கொடுத்த கழிப்பறை இருந்த ஊராயிற்றே முசிறி! நீங்கள் பார்த்த கழிப்பறையில் மலம், சிறுநீர், கழுவுகிற நீர் மூன்றும் தனித்தனியே போகும். சாம்பல் ஈரத்தை உறிஞ்சும், காரத்தன்மையையும் ஏற்றும். காரத்தின் அளவைக் காட்டும் பிஎச் 9-க்கு மேல் நிலைத்து நின்றால், மலத்தை ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தாலே போதும், கிருமிகள் செத்துவிடும். ஒரு கை சாம்பல் தூவிவிட்டு வந்தால் அது நடக்காது, ஒவ்வொரு முறையும் தாராளமாகப் போட வேண்டும். சிறுநீரை மூடிய கேனில் ஒரு மாதம் வைத்து, தண்ணீர் கலந்து வேரடியில் ஊற்றலாம், இலைமேல் படாமல். அறுவடைக்கு ஒரு மாதம் இருக்கும்போது நிறுத்திவிடுங்கள்.