பல மொழிகளில் பரவும் வெறுப்புப் பேச்சைக் கணினியால் கண்டுபிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். மியான்மரின் (பர்மாவின்) யாங்கோனில் பிறந்து வளர்ந்த தமிழன் என்ற முறையில், எங்களைச் சுட்டும் ஒரு சொல்லை வைத்தே இதை விளக்குகிறேன்.

இந்திய வம்சாவளியினரைப் பர்மிய மொழியில் ‘கலா’ என்பார்கள். சந்தையில் மீன் விற்ற பர்மியப் பெண்மணி என் பாட்டியைக் கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டார். பாட்டி ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. பள்ளி வாசலில் அதே சொல்லைச் சொல்லி என் பையைப் பிடுங்கியவர்களும் உண்டு. கடலைப்பருப்புக்குப் பர்மிய மொழியில் ‘கலாபே’ என்று பெயர். நாற்காலிக்குக்கூட ‘கலா’வில் தொடங்கும் பெயர்தான்.

2017-இல் ஃபேஸ்புக் இந்தச் சொல் உள்ள பதிவுகளை நீக்கத் தொடங்கியபோது கடலைப்பருப்புப் பதிவுகளும் சேர்ந்து போயின. பர்மிய எழுத்தில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கட்டாயமில்லை. ஒரு சொல் எங்கே முடிகிறது என்று தெரியாத வடிகட்டிக்குப் பருப்பும் வசையும் ஒன்றுதான். நாட்டில் பெரும்பாலோர், உலகமெங்கும் கணினிகளுக்குப் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடில் அல்லாமல், ஜாவ்ஜி என்ற எழுத்துருவில் எழுதிவந்தது இன்னொரு சிக்கல். யூனிகோடு மட்டும் அறிந்த நிரலுக்கு அது வெறும் குப்பை. 2019 அக்டோபர் 1-இல்தான் நாடு முறைப்படி யூனிகோடுக்கு மாறத் தொடங்கியது.

அதற்குள், ‘கலா’ என்றே இழிவாக அழைக்கப்பட்ட ரோஹிங்கியா முஸ்லிம்களுக்கு நேர்ந்தது உலகம் அறிந்தது. 2018 ஆகஸ்டில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தியை இன்றும் என்னால் பதறாமல் படிக்க முடியவில்லை. கண்ணில் படும் கலாக்களையெல்லாம் கொல்லச் சொன்ன ஒரு பர்மியப் பதிவை, ஃபேஸ்புக்கின் தானியங்கி மொழிபெயர்ப்பு ‘மியான்மரில் எனக்கு வானவில் இருக்கக் கூடாது’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் தந்திருந்தது.

இப்போது எக்ஸ்எல்எம்-ஆர் (XLM-R) போன்ற கணினி மொழி மாதிரிகள் நூறு மொழிகளைச் சேர்த்துக் கற்கின்றன. தமிழும் பர்மியமும் அவற்றில் உண்டு. ஒரு மொழியில் கற்றது இன்னொன்றுக்கு ஓரளவு கைகொடுக்கிறது. ஆனால் என் அக்காள் பிள்ளைகள் தமிழைப் பர்மிய எழுத்தில் எழுதுகிறார்கள். அதை எந்த மொழியில் சேர்ப்பது?

எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. மாதிரிக்குப் பாடம் சொல்ல, ‘இது வெறுப்பு, இது இல்லை’ என்று முதலில் மனிதர்கள் குறித்துக் கொடுக்க வேண்டும். அந்த மனிதர்களில், வசைக்கு ஆளானவர்களும் கட்டாயம் இருக்க வேண்டும். கணினி படிக்கும் ஒரு பர்மிய நண்பருக்காக நானும் சில வரிகளைக் குறித்துக் கொடுத்தேன். ‘இனி அந்தக் கடையில் வாங்காதே, நம்மவர் கடைக்குப் போ’ என்று ஒரு வரி. கலா என்ற சொல்லே அதில் இல்லை. சரக்குச் சரியில்லை என்கிறார்கள் போலிருக்கிறது என்று நண்பர் அதைச் சாதாரண வரியாகக் குறித்திருந்தார். 2013 வாக்கில் ‘969’ என்ற பௌத்தத் தேசியவாத இயக்கத்தினர் முஸ்லிம் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னதையும், பௌத்தர் கடைகளில் அந்த எண் ஒட்டப்பட்டிருந்ததையும் நினைவுபடுத்தினேன். எங்கள் தெருவிலிருந்த முஸ்லிம் தமிழர் ஒருவர் அப்போதுதான் கடையை மூடினார். நண்பர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் குறியை மாற்றினார். மீதி வரிகளை அன்று இருவரும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்துக் குறித்தோம்.