ஜெர்மனியில் வைத்தியம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஞாயிறு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே செல்வது?

116117 என்ற எண்ணை அழையுங்கள். அருகில் பணியிலிருக்கும் மருத்துவரைச் சொல்வார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 112. மூன்று மாதம் நிறையாத குழந்தையென்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: வயது 24. ட்ரெஸ்டனில் முதுகலை படிக்கிறேன். மாதம் 35 யூரோவுக்கு முகவர் எடுத்துத் தந்த தனியார் காப்பீடு, பழைய முழங்கால் வலிக்குப் பணம் தர மறுக்கிறது. சட்டப்படியான பொது மருத்துவக் காப்பீட்டுக்கு மாறலாமா?

பெரும்பாலும் முடியாது. இதே கடிதம் ஒவ்வொரு செமஸ்டர் தொடக்கத்திலும் ஊர்பெயர் மட்டும் மாறி எனக்கு வருகிறது. முப்பது வயதுக்குட்பட்ட மாணவருக்குப் பொதுக் காப்பீடு மாதம் ஏறத்தாழ 150 யூரோ ஆகிறது. அந்தத் தொகையைக் காட்டி அச்சமூட்டும் முகவர்கள், தனியார் காப்பீட்டைக் கொண்டு பல்கலைக்கழகத்தில் சேர வேண்டுமானால் பொதுக் காப்பீட்டிலிருந்து விலக்குப் பெற வேண்டும் என்பதையும், அந்த விலக்கைப் படிப்புக் காலம் முழுவதும் திரும்பப் பெற இயலாது என்பதையும் சொல்வதில்லை. அவர்களுக்குத் தரகு கிடைக்கிறது, வலி உங்களுக்கு. மலிவான திட்டங்கள் பலவற்றில் முன்பே இருந்த நோய்க்கு இடமில்லை, மனநல சிகிச்சைக்கு வரம்புண்டு, மருத்துவர் கட்டணத்தை முதலில் உங்கள் கையிலிருந்தே கட்டவும் நேரும். விமானமேறிய நாள் முதல் பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்யும் நாள் வரை பயணக் காப்பீடு வைத்திருப்பதில் தவறில்லை. அதையே படிப்பு முழுவதற்கும் நீட்டுவதுதான் தவறு. படிப்பு முடிந்து வழக்கமான சம்பள வேலையில் சேரும்போது உங்களுக்குப் பொதுக் காப்பீட்டின் கதவு மீண்டும் திறக்கும். இனி வருபவர்கள், விலக்கு விண்ணப்பத்தில் கையெழுத்திடுமுன் அதை முழுவதும் படியுங்கள்.

கேள்வி: தோல் மருத்துவர் ஐந்து மாதம் கழித்து நேரம் தருகிறார். வேறு வழி உண்டா?

குடும்ப மருத்துவரிடம் அவசரக் குறியீடு இட்ட பரிந்துரைச் சீட்டு வாங்கி, அதே 116117 சேவையில் பதிவு செய்யுங்கள். சுமார் நான்கு வாரத்துக்குள் நேரம் கிடைக்கும். விரும்பிய மருத்துவர்தான் வேண்டுமென்றால் காத்திருக்கத்தான் வேண்டும்.

கேள்வி: எனக்கு எந்தக் காப்பீடு நல்லது?

வயது, விசா, வேலை எதையும் எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? எழுதிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

கேள்வி: சர்க்கரை நோயுள்ள அம்மா மூன்று மாதம் தங்க வருகிறார். என் காப்பீட்டில் சேர்க்கலாமா?

இயலாது. பொதுக் காப்பீட்டின் குடும்பச் சலுகை துணைவருக்கும் பிள்ளைகளுக்குமே உரியது. விசாவுக்கு வேண்டிய குறைந்தது 30,000 யூரோ பயணக் காப்பீடு அவசர சிகிச்சைக்கானது. மாதாந்திரப் பரிசோதனைக்கும் மாத்திரைக்கும் அல்ல. ஆகவே மூன்று மாத மாத்திரைகளை, மருந்தின் வேதிப்பெயர் எழுதிய மருத்துவச் சீட்டுடன் கொண்டுவரச் சொல்லுங்கள். கடும் வலி மாத்திரை, தூக்க மாத்திரை சிலவற்றுக்குத் தனிச் சான்று தேவைப்படும். நோயை மறைத்துப் பாலிசி எடுக்க வேண்டாம். இங்கும் அதே எச்சரிக்கைதான், கையெழுத்திடுமுன் படியுங்கள்.

கேள்வி: சளிக்கு விடுப்பு எடுத்தால் மருத்துவச் சான்று கட்டாயமா?

மூன்று நாளைத் தாண்டினால் கட்டாயம். ஒப்பந்தத்தில் இருந்தால் முதல் நாளே தேவைப்படலாம். அலுவலகத்துக்குத் தகவல் மட்டும் முதல் நாள் காலையிலேயே சென்றாக வேண்டும்.