டாக்டரைக் கேளுங்கள்: படுத்தால் கூடும் முதுகுவலி

கேள்வி: வயது 43. நீடாமங்கலம் பக்கம் கிராமம். நடவுக்குக் குனிந்து குனிந்து வந்த வலி என்று இரண்டு வருடமாக மாத்திரை, தைலம். பகலில் தாங்கிக்கொள்கிறேன், ராத்திரி படுத்தால்தான் உயிர் போகிறது. எழுந்து திண்ணையில் உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. இப்போது எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் முதுகுத்தண்டில் மூன்று கட்டி, ‘மல்டிபிள் ஷ்வன்னோமா’ என்கிறார்கள். ஒன்றைத்தான் எடுப்பார்களாம். மற்றதை ஏன் விட வேண்டும்? என் மகளுக்கும் வருமா? ஒரு மாதமாக வலது கால் செருப்பு கழன்றுபோவதே தெரிவதில்லை. தை அறுவடை முடிந்து ஆபரேஷன் வைத்துக்கொள்ளலாமா டாக்டர்?

பதில்: தை வரை வேண்டாம் அம்மா. செருப்பு கழன்றது தெரியவில்லை என்றால், கட்டி தண்டுவடத்தை நெருக்குகிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். கால் துவண்டாலோ, சிறுநீர் இறங்காமல் நின்றாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. தைலம் போட்டு உருவுவதை நிறுத்துங்கள். படுத்தால் கூடும் வலியை நடவின் மேல் பழி போட்டது தப்பு. அதில் எங்கள் ஆட்களுக்கும் பங்கு உண்டு.

வாழையை உரித்திருப்பீர்கள்: நடுவில் தண்டு, சுற்றிலும் மட்டை. நரம்பும் ஏறக்குறைய அப்படித்தான். அதன் உறையிலுள்ள ஷ்வான் செல்கள் பெருகித் திரண்டவைதான் இந்தக் கட்டிகள். புற்றுநோய் அல்ல. பெரும்பாலும் நரம்பிழைகளை ஒதுக்கிவிட்டு வளர்வதால், பல நேரம் கட்டியை மட்டும் உரித்தெடுக்க முடிகிறது. ஆனாலும் சும்மா கிடப்பதைத் தொட்டு நல்ல நரம்பைக் கெடுப்பானேன்? சில கட்டிகள் வருடக்கணக்கில் வளராமல் கிடக்கும். அவற்றை அவ்வப்போது ஸ்கேனில் பார்த்துக்கொண்டால் போதும்.

மகள் விஷயம். ஒன்றுக்கு மேல் இருப்பதால் மரபணுக் கோளாறா என்று பார்த்தாக வேண்டும். உங்கள் தலைக்கும் ஒரு எம்.ஆர்.ஐ., காதுக்குக் கேட்கும் திறன் சோதனை. இரண்டு காது நரம்பிலும் இதே கட்டி இருந்தால் அது என்.எஃப்.2 (நியூரோஃபைப்ரோமடோசிஸ் வகை 2) என்னும் மரபணுக் கோளாறு. (2022இல் பெயரை மாற்றிவிட்டார்கள், ரிப்போர்ட்டில் வேறு பெயர் இருந்தால் மிரள வேண்டாம்.) 22ஆவது குரோமோசோமில் உள்ள பழுது அது. கட்டியில் மட்டும் இல்லாமல் உடம்பு முழுக்க அந்தப் பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல் புதிதாக முளைப்பதும் சகஜம். அம்மா வழியா, அப்பா வழியா என்று வீட்டில் பஞ்சாயத்து வைக்காதீர்கள். எடுக்கும் கட்டியில் ஒரு துண்டை மரபணுச் சோதனைக்கு எடுத்துவைக்கும்படி ஆபரேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அதையும் உங்கள் ரத்தத்தையும் ஒப்பிட்டால்தான் மகளைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்ல முடியும். அதுவரை, அவளுக்குக் காதில் இரைச்சல் உண்டா என்று மட்டும் கேட்டுவையுங்கள்.