சிறைவாசிகளின் மனநலம்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் தம்பிக்கு வயது இருபத்தாறு. மனச்சிதைவு நோய்க்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே ஒழுங்காக வேலைக்குப் போய்வந்தான். ஓர் அடிதடி வழக்கில் கைதாகி, இப்போது மத்தியச் சிறையில் விசாரணைக் கைதியாக இருக்கிறான். மாத்திரை நின்றுவிட்டது. சென்ற முறை மனு பார்க்க, அதாவது சிறையில் நேரில் சந்திக்க, போனபோது, சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று சொல்லி அழுதான். காவலர்கள் ‘நடிக்கிறான்’ என்கிறார்கள். நோயைப் பற்றி வாயே திறக்கக் கூடாது, வழக்கு கெட்டுவிடும் என்கிறார் வழக்கறிஞர். நாங்கள் என்ன செய்வது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்

பதில்: சகோதரி, மாத்திரை நின்ற சில வாரங்களிலோ மாதங்களிலோ மனச்சிதைவு திரும்பி வருவது மிகவும் சாதாரணம். உணவில் நஞ்சு கலக்கிறார்கள் என்ற அச்சம் அந்த நோயின் நன்கு அறியப்பட்ட அறிகுறி. எனவே உங்கள் தம்பியை ஒரு மனநல மருத்துவர் உடனே பார்க்க வேண்டும். நடிப்பா நோயா என்று தீர்மானிக்கும் பொறுப்பு காவலருடையது அன்று, மருத்துவருடையது.

அவருடைய பழைய மருந்துச் சீட்டு, புறநோயாளர் அட்டை, உள்நோயாளராக இருந்திருந்தால் அதன் சுருக்கம் ஆகியவற்றை நகலெடுத்து, எந்த மாத்திரை, என்ன அளவு, எந்தத் தேதியோடு நின்றது என்பதையும் குறிப்பிட்டு, சிறைக் கண்காணிப்பாளருக்கும் சிறை மருத்துவ அலுவலருக்கும் தனித்தனியே மனுக் கொடுத்து ஒப்புகை பெற்றுக்கொள்ளுங்கள். நேர்காணலில் வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். எழுத்தில் கொடுத்ததற்கு யாராவது பதில் சொல்லியாக வேண்டும். மாத்திரையைத் துணியிலோ தின்பண்டத்திலோ மறைத்து அனுப்ப ஒருபோதும் முயலாதீர்கள். அது புதிய தண்டனையைத்தான் வரவழைக்கும். மனுவின் ஒரு நகலை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடம் சேருங்கள். அங்கே சிறைவாசிகளுக்கு இலவச வழக்கறிஞர் உதவி உண்டு. 15100 என்ற எண்ணிலும் பேசலாம். காவல் நீட்டிப்புக்காக அடுத்த முறை நேரிலோ காணொலியிலோ முன்னிறுத்தப்படும்போது, நீதித்துறை நடுவரிடமும் இதே செய்தி மனுவாகப் போக வேண்டும்.

இது சலுகை கேட்கும் மனு அன்று. மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017இன் 103ஆம் பிரிவின்படி, மனநோயுள்ள கைதி சிறை மருத்துவப் பகுதியின் மனநலப் பிரிவில் வைத்துப் பராமரிக்கப்படலாம். அப்படியொரு பிரிவு அங்கே இல்லையென்றால், அந்தச் சட்டப்படி அமைக்கப்படும் மனநலச் சீராய்வு வாரியத்தின் முன் அனுமதியோடு வெளியே உள்ள மனநல நிலையத்துக்கு மாற்றப்படலாம். சிறையில் மனநோயாளி எவரும் இல்லை என்று சிறை மருத்துவ அலுவலர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாரியத்துக்குச் சான்றளிக்க வேண்டும் என்றும், இருந்தால் ஏன் சிகிச்சைக்கு மாற்றவில்லை என்று வாரியம் நேரில் வந்து கேட்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

வழக்கறிஞரின் அச்சத்தில் இரண்டு வேறு விஷயங்கள் குழம்பிக் கிடக்கின்றன. குற்றம் நடந்த நேரத்தில் தான் செய்வது இன்னதென்று அறிய முடியாத மனநிலையில் இருந்தாரா என்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 22ஆம் பிரிவு சார்ந்த எதிர்வாதம். அதை எழுப்புவதா வேண்டாமா என்று பின்னர் முடிவு செய்துகொள்ளலாம். இன்று தன் வழக்கை நடத்தும் நிலையில் இருக்கிறாரா என்பது முற்றிலும் வேறு கேள்வி. அந்த நிலையில் இல்லை என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 367, 368ஆம் பிரிவுகளின்படி கண்டறியப்பட்டால், வழக்கு பிணையில் விடக்கூடியதாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், உள்நோயாளராகச் சேர்க்கத் தேவையில்லாத ஒருவரை, உறவினர் தொடர் சிகிச்சைக்கும் பாதுகாப்புக்கும் உறுதியளிக்கும்போது பிணையில் விடுவதற்கு 369ஆம் பிரிவு வழிசெய்கிறது. மாத்திரை கேட்பதோ இந்த இரண்டிலும் சேராது. நோய் தணிந்து தெளிவாகப் பேசும் கட்சிக்காரர்தான் எந்த வழக்கறிஞருக்கும் நல்லவர் என்பதைப் பணிவாக எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் அவர் மறுத்தால், வேறொருவரை நாடத் தயங்க வேண்டாம்.

கேள்வி: சிறைத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கத்திக் கலாட்டா செய்பவரை உடனே கவனிப்போம். ஒரு தொல்லையும் தராமல் இருந்தவர் ஒருநாள் விபரீதமாக ஏதாவது செய்துகொண்டுவிடுவார். முன்கூட்டியே கண்டுகொள்ள முடியாதா?
– வாசகர், கடலூர்

பதில்: பல நேரங்களில் முடியும். உயிராபத்து கூடும் காலங்கள் ஓரளவு தெரிந்தவையே: சிறைக்கு வந்த முதல் சில நாள்கள், பிணை மறுக்கப்பட்ட அன்று, தீர்ப்பு வந்த அன்று, வாய்தா மேல் வாய்தாவாக வழக்கு இழுக்கும் மாதங்கள், வீட்டிலிருந்து மனுவுக்கு வருவது நின்றுபோன வாரங்கள். உண்ணாமலும் உறங்காமலும் பேச்சைக் குறைத்துக்கொண்டும் தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துக்கொண்டும் இருப்பவரைத் தனியே அழைத்து, சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேரடியாகவே கேட்கலாம். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை. ஆபத்தில் இருப்பவரைத் தனி அறையில் பூட்டுவது காவலுக்கு எளிது; அவருக்கோ அதைவிடக் கெடுதல் வேறில்லை. கூட ஆள் இருக்கும் இடத்தில் வைத்து, அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல விரும்புகிறேன். நாள்தோறும் குடித்தவர் கைதானதும் குடி திடீரென்று நின்றுவிடுகிறது. இரண்டு, மூன்று நாளில் கை நடுங்கி, வியர்த்து, இல்லாத உருவங்களைக் கண்டு அலறுவார். சிலருக்கு வலிப்பும் வரும். இதைப் ‘பைத்தியம்’ என்றோ நாடகம் என்றோ விட்டுவிட்டால் உயிரே போகலாம். இது அவசரச் சிகிச்சைக்குரிய நிலை. தக்க மருந்தும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் உரிய நேரத்தில் கிடைத்தால் பெரும்பாலானோர் சில நாள்களில் தேறிவிடுவார்கள். பெங்களூரு மத்தியச் சிறையில் 5,024 பேரை ஆராய்ந்து 2011இல் தேசிய மனநல, நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் வெளியிட்ட ஆய்வில், மனநோயோ போதைப் பழக்கமோ உள்ளவர்கள் 79.6 விழுக்காடு, போதையைக் கழித்துவிட்டுப் பார்த்தாலும் 27.6 விழுக்காட்டினருக்கு மனநோய் இருந்தது. 500 கைதிகளுக்கு ஓர் உளவியலாளராவது வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாதிரிச் சிறைக் கையேடு. அந்த நியமனங்களைச் செய்யாமல், எல்லாவற்றையும் காவலரின் கண்ணுக்கே விட்டுவைப்பது காவலருக்கும் அநீதி.

கேள்வி: குற்றம் செய்தவர்களின் மனநலத்துக்கு மக்கள் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும்?
– வாசகர், ஈரோடு

பதில்: நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் இன்னும் குற்றம் மெய்ப்பிக்கப்படாத விசாரணைக் கைதிகள். அசாமைச் சேர்ந்த மச்சாங் லாலுங் 1951இல் கைதாகி, மனநோயின் பெயரால் அடைபட்டு, வழக்கு விசாரணையே நடக்காமல் 54 ஆண்டுகள் கழித்து 2005இல்தான் விடுவிக்கப்பட்டார். எந்தக் குற்றமும் செய்யாத மனநோயாளிகளைச் சிறையில் அடைப்பது சட்டவிரோதம் என்று 1993இலேயே உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது என்றால், அதுவும் இங்கே நடந்துகொண்டிருந்தது என்பதுதானே பொருள்?

தண்டனை பெற்றவர்களுக்கும் நீதிமன்றம் விதித்தது சிறைவாசம் மட்டுமே; நோயைக் கவனிக்காமல் விடுவது அந்தத் தண்டனையில் சேர்ந்ததன்று. அவர்களிலும் பெரும்பாலோர் ஒருநாள் நம் தெருவுக்கே திரும்பி வருகிறார்கள். ஆகவே விடுதலையாகும் ஒருவரின் குடும்பத்தார், சிறை மருத்துவரின் சிகிச்சைக் குறிப்பையும் சில நாள்களுக்கான மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொண்டு, அவை தீருமுன் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் பதிவு செய்துவிட வேண்டும். இடையில் ஐயம் எழுந்தால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் தொலைபேசி மனநல ஆலோசனைச் சேவை) எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.