நான்கு நிமிடம் (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

அலுவல் காரணமாக மே மாதம் டோக்கியோ செல்கிறேன். சுமோ போட்டிக்கு ஒருநாள் நுழைவுச்சீட்டு கிடைத்திருக்கிறது. காணொளிகளில் பார்த்தவரை உப்பை வீசுவதும் குந்தி எழுவதுமாகவே நேரம் போகிறது. மோதல் சில நொடிகளில் முடிந்துவிடுகிறது. மாலையில் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் பார்த்தால் போதும் அல்லவா? முன்கூட்டியே விதிகளைப் படிக்க வேண்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விதிகளைப் பற்றிக் கவலை வேண்டாம். வட்டத்துக்கு வெளியே தரையைத் தொட்டாலோ, வட்டத்துக்குள் பாதம் தவிர உடலின் வேறு எந்தப் பகுதியாவது மண்ணில் பட்டாலோ தோல்வி. இரண்டு போட்டிகளிலேயே பிடிபட்டுவிடும். எனக்குக் கோபத்தை மூட்டியது அந்தக் ‘கடைசி ஒரு மணி நேரம்’தான். பிறர் மண்ணின் விளையாட்டைப் பார்க்கப் போகிறவர்கள், தமக்கு அலுப்பூட்டும் பகுதியை வீட்டிலிருந்தே கழித்துக்கட்டிவிட்டுப் புறப்படுவதைப் பற்றிச் சில காலமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நீங்கள் கழிக்க நினைக்கும், மோதலுக்கு முன் உப்பு வீசிக் குந்தி எழும் அந்தக் காத்திருப்பு ஏற்கெனவே போதுமான அளவு வெட்டப்பட்டுவிட்டது. முன்பு அதற்குக் கால வரம்பே கிடையாது. 1928இல் வானொலி ஒலிபரப்பு தொடங்கியபோதுதான் உச்சப் பிரிவுக்கு 10 நிமிட வரம்பு வந்தது. படிப்படியாகக் குறைந்து 1950இல் 4 நிமிடமாயிற்று. அந்த நான்கு நிமிடத்தின் எந்தக் கணத்திலும் இருவரும் மோதிக்கொள்ளலாம். தொடங்கச் சொல்லி மணி அடிப்பதில்லை. இருவரின் மூச்சும் ஒன்றாக இசையும் கணமே தொடக்கம். எடைப் பிரிவுகளும் இல்லாத இந்த விளையாட்டில், தன்னைவிடப் பல மடங்கு வலிய ஒருவரின் கண்ணை நேருக்கு நேர் பார்த்து, கோட்டில் முஷ்டியை ஊன்றப்போய், ஊன்றாமல் எழுந்து, மூலைக்குப் போய் உப்பை அள்ளித் திரும்பும் அந்த மனிதரிடம் அப்போதே பாதிப் போர் நடந்து முடிந்திருக்கும். டோக்கியோவின் ரியோகோகு சுமோ அரங்கின் மேல்தள நாற்காலியில் என் அருகே அமர்ந்திருந்த ஒரு முதியவர், மோதலின்போதுகூடச் சாய்ந்தே இருந்தார். காத்திருப்பு தொடங்கியதும் முழங்கால்மேல் கைகளை ஊன்றி முன்னால் குனிந்துவிடுவார். அவர் பார்வை போன திசையில் நானும் பார்த்தேன். ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் அந்த மல்லரின் தோளும் மார்பும் மேலும் சிவந்திருந்தன. நேரம் முடிந்து துவாலையை நீட்டியபோது அரங்கமே ஆர்ப்பரித்தது, இன்னும் யாரும் யாரையும் தொடவில்லை.

ஆகவே காலையிலேயே போங்கள். பதினோராயிரம் பேர் அமரக்கூடிய அரங்கு அப்போது ஏறக்குறைய காலியாக இருக்கும். உடலோடு உடல் அறையும் ஓசை மேல்தளம்வரை கேட்கும். குடுமி போடுமளவுக்கு முடி வளராத பையன்கள் வந்து மோதுவார்கள். கீழ்ப்பிரிவினருக்குச் சம்பளம் கிடையாது; 15 நாள் தொடரில் அவர்களுக்கு 7 போட்டிகள்தான். தோற்றவனும் வணங்கிவிட்டே இறங்குவான், வென்றவன் முகத்தில் வெற்றியைத் தேடினாலும் கிடைக்காது. இவர்களைப் பார்த்த கண்ணோடுதான் மாலையில் யோகோசுனாவை, அதாவது உச்சத் தரம் பெற்ற மல்லரை, பார்க்க வேண்டும்.

இன்னொன்று: கடைசி மோதல் முடிந்ததும் ரயிலைப் பிடிக்க எழுந்து ஓடாதீர்கள். அதன்பின் ஒருவர் மேடையேறி வில்லைச் சுழற்றுவார். அவரும் பெரும்பாலும் கீழ்ப்பிரிவைச் சேர்ந்தவர்தான்.